நூற்றுக்கு முப்பத்தெட்டு

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் ஒன்பது நாளும் எட்டு நாழிகையும் ஒருவரோடும் பேசாமல் இருந்தார். பல்லக்குத் தூக்கிகளுக்குக்கூடக் கையை ஆட்டித்தான் வழி காட்டினார். காரணம், பக்கத்து நாட்டிலிருந்து தூதர் கொண்டுவந்த ஓர் ஓலை. 'எங்கள் நாட்டில் வயது வந்தோர் நூறு பேரில் முப்பத்தெட்டுப் பேர் உயர்கல்வி கற்றவர்கள். தங்கள் நாட்டில் எத்தனை பேரோ?' என்று நலம் விசாரிப்பதுபோல் அதில் கேட்டிருந்தார்கள்.

அரசரின் நாட்டில் நூற்றுக்கு ஆறு பேர்.

பத்தாம் நாள் அவை கூடியதும் அரசர் வாய் திறந்தார். "எட்டு நாள் தருகிறேன். அந்த முப்பத்தெட்டை நாம் மிஞ்ச வேண்டும்."

"எட்டு நாளில் யாரைப் படிக்க வைப்பது, மகாராஜா?" என்றார் சேனாதிபதி.

"அது உங்கள் கவலை."

மந்திரி உத்தண்டர் எழுந்தார். அவர் மாதக்கணக்கில் யோசித்துச் சொல்வதற்கு அரசர் கொட்டாவி விடுவார். விகடகவி சாத்தன் தும்மினாலும் சிரிப்பார். அந்த எரிச்சல் மந்திரிக்கு நெடுநாளாக உண்டு. "சாத்தன் வீடு வீடாகப் போய் எண்ணிவரட்டும், மகாராஜா. கற்றவர்களை எண்ணக் கற்றவர்தானே போக வேண்டும்?" என்றார். 'கற்றவர்' என்னும்போது சாத்தனைத் திரும்பிப் பார்த்தார்.

பன்னிரண்டு ஆண்டுகளாகச் சாத்தன் அவையில் கற்றோர் வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஆறாண்டு பயின்று தேறியவர்களுக்கே அந்த வரிசை; தகுதியில்லாமல் உட்கார்ந்தவனுக்கு அவையில் இடமே கிடையாது. அவன் வந்த நாளில் அரசர், "எந்தக் கலைச்சாலை?" என்று கேட்டார். "தென்கரை" என்றான். அது பொய்யல்ல. எத்தனை காலம் என்று அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அவன் பயந்துகொண்டிருந்தான்.

"உத்தரவு, மகாராஜா" என்று சொல்லிவிட்டு நேராகத் தூதர் தங்கியிருந்த மாளிகைக்குப் போனான்.

"ஐயா, உங்கள் நாட்டில் யாரைக் கற்றவர் என்பீர்கள்?"

"கலைச்சாலையில் ஒரு மண்டலம் பயின்ற எவரும் கற்றவரே" என்றார் தூதர் பெருமையோடு.

"நாற்பத்தெட்டு நாள்?"

"குறையாமல் நாற்பத்தெட்டு நாள்."

சாத்தன் இரண்டு ஓலைக்கட்டுகளோடு ஊருக்குள் இறங்கினான். ஆறாண்டு முடித்தவர் பெயர் ஒன்றில், ஒரு மண்டலம் இருந்தவர் பெயர் மற்றொன்றில்.

சாயக்காரர் தெருவில் பூவாயி என்ற மருத்துவச்சி வாசலுக்கு வந்தாள். "மருத்துவக் கலைச்சாலையில ரெண்டு மழைக்காலம் இருந்தேன். அதெல்லாம் படிப்புல சேருமாய்யா?"

"சேரும், தாயே."

"போச்சு!" என்றான் உள்ளிருந்து அவள் புருஷன். "ஏற்கெனவே வாய் காதுவரைக்கும். இனி நான் ஊமைதான்."

"நீ பேசி என்னத்தக் கிழிச்ச?" என்றவள் சாத்தனிடம் திரும்பினாள். "நீங்க எம்புட்டு காலம் படிச்சீங்க சாமி?"

சாத்தன் எழுத்தாணியைத் தேடுவதுபோல் இடுப்பைத் தடவினான். எழுத்தாணி கையில்தான் இருந்தது. அடுத்த வீட்டுக்கு நடந்தான்.

எட்டாம் நாள் அவையில் தூதரும் இருந்தார்.

"மகாராஜா, மிஞ்சிவிட்டோம்" என்றான் சாத்தன். "நம் நாட்டில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேர் கற்றவர்கள்."

"எட்டு நாளிலா?" தூதர் எழுந்துவிட்டார். "இது கண்கட்டு வித்தை!"

"தூதரே, எங்கள் படியில் பாதிதான் உங்கள் படி. ஒரே மூட்டை நெல் இங்கே ஐம்பது படி, அங்கே நூறு படி. அதனால் உங்கள் மூட்டை பெரிதாகிவிடுமா? மகாராஜா மிஞ்சத்தான் சொன்னார். எந்தப் படியால் என்று சொல்லவில்லை. ஆகவே உங்கள் படியால் அளந்தேன்."

"அப்படியானால் நம் படியால் அளந்தால் அவர்கள் எத்தனை பேர்?" என்றார் அரசர்.

"அதை இவர்தான் சொல்ல வேண்டும். ஐயா, உங்கள் நாட்டில் ஆறாண்டு முடித்துத் தேறியவர்கள் எத்தனை பேர்?"

தூதர் மேல்துண்டைச் சரிசெய்தார். "நான்கு பேர் இருக்கலாம்."

"நூற்றுக்கா?"

"நூற்றுக்குத்தான்."

அரசர் சிரித்தார். கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். பிறகு கற்றோருக்கு மட்டுமே போர்த்தும் சரிகைச் சால்வையைக் கையில் எடுத்தார். "வா, சாத்தா."

"ஒரு நிமிடம், மகாராஜா." உத்தண்டர் இரண்டு கட்டுகளையும் புரட்டிக்கொண்டிருந்தார். "என் பெயர் இருக்கிறது. கோயில் கணக்கர் பெயர் இருக்கிறது. சாத்தன் பெயரை எதிலும் காணோம்."

"அவசரத்தில் விட்டிருப்பான். சாத்தா, ஆறாண்டுக் கட்டில் எழுதிக்கொள்."

எழுத்தாணி அவன் கையில் இருந்தது. ஒரு கீறல் போட்டால் போதும், கேட்பார் இல்லை. சாத்தன் அதைத் தரையில் வைத்தான்.

"அதில் எழுத முடியாது, மகாராஜா."

"சரி, மற்றதில் எழுது."

"அதிலும் முடியாது." அவன் சால்வையைப் பார்க்கவில்லை. "முதல் பரீட்சையில் என்னை எழுப்பிக் கேட்டார்கள். விடை தெரியாமல் விழித்தேன். கலைச்சாலையே சிரித்தது. வேண்டுமென்றே சிரிக்கவைத்தவன்போல் கோணங்கித்தனம் காட்டிவிட்டு வந்தேன். மறுநாள் போகவில்லை."



"நான் கலைச்சாலையில் இருந்தது நாற்பத்தேழு நாள்."