திருநீற்றுப்பச்சிலைக்குக் கண்பட்ட கதை

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் காது கொடுங்கள். கொற்றங்குடியை ஒரு ராஜா ஆண்ட காலம் அது. அவருக்கு ஓயாத இருமல். அரண்மனை வைத்தியர் ஊரெல்லாம் தேடி, ஆவுடையாள் வீட்டுத் திருநீற்றுப்பச்சிலைதான் மருந்துக்கு ஆகும் என்றார்.

"பௌர்ணமிக்கு வந்து பறிக்கிறேன். ராஜாவுக்குக் குணமானால் ஆற்றோர வயல் உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து, செடிக்கு யார் கண் படுமோ என்று ஆவுடையாளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு காலையில் நாலைந்து இலை சுருண்டு கிடந்தது. அந்துப்பூச்சி முட்டையிட்டுப் போயிருந்தது. புழு இலையை மடித்து, நூலால் கட்டி, உள்ளே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. ஆவுடையாள் தொட்டுப் பார்த்தாளா? தொட்டால் கண் பட்ட தோஷம் தனக்கும் ஒட்டிக்கொள்ளுமே! "கண்ணேறுதான். அடுத்த வீட்டுப் பிச்சம்மாள் கண்ணேதான்" என்று முடிவு கட்டினாள்.

முதலில் கோரைப்பல் வைத்த வைக்கோல் பொம்மையை நட்டாள். கண்ணேறு போகவில்லை, புழு பொறுக்க வந்த தவிட்டுக்குருவிகள்தான் போயின.

அடுத்து, செடியடியில் விடிய விடிய விளக்கு எரித்தாள். ஊரிலுள்ள அந்துப்பூச்சியெல்லாம் கல்யாண வீட்டுக்கு வருவதுபோல் வந்து இறங்கின.

அதற்கும் அடங்காமல், பழைய புடவையால் செடியைச் சுற்றி மறைத்தாள். புழுக்களுக்கு இனி வெயிலும் இல்லை, காக்கையும் இல்லை. ராஜபோகம்!

பௌர்ணமியன்று வைத்தியர் வந்து புடவையை விலக்கினார். வெறும் குச்சியும் ஒன்றிரண்டு இலைச்சுருளும்தான் நின்றன.

ஆவுடையாள் தலையில் அடித்துக்கொண்டாள். "எல்லாம் இவ கண்ணுய்யா! கொள்ளிக்கண்ணு!"

பிச்சம்மாள் வேலியைத் தடவித் தடவி வந்தாள். "என் கண்ணா மதினி? எதிர்ல நிக்கிறது வைத்தியரா எருமையான்னே எனக்குத் தெரியலையே!"

வைத்தியர் தொண்டையைச் செருமினார்.

மிச்சமிருந்த ஒரு சுருளைப் பிச்சம்மாள் விரலால் பிரித்தாள். கொழுத்த பச்சைப்புழு ஒன்று வைத்தியர் பாதத்தில் விழுந்து நெளிந்தது. "இந்தா, உன் கண்ணேறு. நல்லா சாப்பிட்டிருக்கு."

வேலிக்கு அப்பால் பிச்சம்மாள் முற்றத்தில், முன்பு வைத்தியர் கண்ணில் படாத மூலையில், ஆவுடையாள் செடியின் விதை விழுந்து இன்னொரு செடி முளைத்திருந்தது. அங்கே பொம்மையும் இல்லை, விளக்கும் இல்லை, புடவையும் இல்லை. குருவிகள் காவலில் அது புதராய் மண்டியிருந்தது. வைத்தியர் கை நிறையப் பறித்தார். ராஜாவின் இருமல் நின்றது. வயல் பிச்சம்மாளுக்குப் போனது.

"எனக்கு வரப்பு எது, வாய்க்கால் எதுன்னு தெரியாது. நீயும் கூட வா மதினி, பாதி விளைச்சல் உனக்கு" என்றாள் பிச்சம்மாள். ஆவுடையாள் வெட்கத்தோடு போனாள். அதன்பின் ஒரு கீரையைக்கூட அவள் திருப்பிப் பார்க்காமல் விட்டதில்லை.

அடுத்தவர் கண்ணைப் பழிக்கும் முன்னே, நம் கண்ணால் நம் செடியை அருகே போய்ப் பார்க்க வேண்டும்.