பூவந்திப் பழம் நுரைத்த கதை

மரமும் மிருகமும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பூவந்திப் பழம் தேனாய் இனிக்கும். ஆமாம், பட்டுச்சேலை அலசுவதற்குப் பூந்திக்கொட்டை என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதே பழம்தான். நம்பாதவர்கள் கதை முடியும்வரை பொறுத்துக்கொள்ளலாம்.

அப்போது ஓர் ஆற்றங்கரையில் செம்பாயி என்பவள் ஊராரின் துணிகளை வெளுத்துக்கொண்டிருந்தாள். அவள் கைக்குப் போன துணி பளிச்சென்று திரும்பி வரும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, வேலை தெரிந்தவளுக்கு இல்லாத கர்வம் வேறு யாருக்கு? விறகுச் சாம்பலையும் சுட்ட சுண்ணாம்பையும் சால் என்ற பெரிய பானையில் ஊறவைத்துத் தெளிந்த தண்ணீரை வடித்தெடுப்பாள். அந்தக் காரத் தண்ணீருக்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் கறையும் நிற்காது. செம்பாயியின் கைத்தோலும் நிற்கவில்லை. உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்து, விரலிடுக்கெல்லாம் புண்ணாகிக் கிடந்தது.

கல்யாணமாகிப் பிள்ளை பிறக்கும்வரை அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. ராக்கு பிறந்த பிறகுதான் வினை வந்தது. அம்மா தூக்கினால் போதும், குழந்தை வீறிட்டு அழும். தொட்ட இடமெல்லாம் சிவந்து தடித்துவிடும். எத்தனை தடவை கழுவினாலும் வெடிப்புக்குள் இறங்கிய காரம் போகவில்லை. கணவன் சடையன் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள, இவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பால் கொடுத்தாள். பெற்ற பிள்ளையின் தலையை ஒருமுறை தடவிப் பார்க்க முடியாத ஆத்திரத்தில் அவளுக்கு நெஞ்சு வெந்தது.

சடையனின் அக்காள் வெள்ளைத்தாய் ஐப்பசி மாதம் வந்து இந்தக் கூத்தைப் பார்த்தாள்.

"இது கையா, அரமா? பச்சப்புள்ள தாங்குமா?" என்றாள். "பங்குனியில வருவேன். புள்ளைய எங்கூருக்குத் தூக்கிட்டுப் போயி நானே வளத்துக்கிடுறேன்."

"எம்புள்ளைய நான் குடுக்க மாட்டேன், மதினி."

"அப்ப வெளுக்கிற வேலைய விடு."

"அதையும் விட மாட்டேன்."

"ரெண்டும் எப்பிடிடீ நடக்கும்?"

"பங்குனிக்குள்ள நடத்திக் காட்டுறேன். நீங்க வாங்க, வந்து பாருங்க."

சடையன் முற்றத்துக் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்காள் முன்னால் அவனுக்குப் பேச்சு வராது. செம்பாயிக்கோ சொல்லிவிட்ட பிறகுதான், எப்படி நடத்தப் போகிறோம் என்ற யோசனையே வந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

வெளுப்பவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மிஞ்சிய காரத்தை ஆற்றில் கொட்டக் கூடாது, மீன்கள் வழக்குப் பேச வந்துவிடும். மரத்தடியிலும் கொட்டக் கூடாது. புல்கூட முளைக்காத உவர்க்காட்டுக்குச் சுமந்துபோய் அங்கேதான் கொட்ட வேண்டும். அன்று மாலை அப்படிச் சுமந்துகொண்டு போனபோது, வழியில் பூவந்தி மரம் புலம்பிக்கொண்டிருந்தது. ஊரிலேயே அது ஒன்றுதான் பூவந்தி.

"உனக்கென்ன குறை?" என்றாள் செம்பாயி. "இனிக்க இனிக்கக் காய்க்கிற. ஊரே உம்பேரு பாடுது."

"பாடிட்டுத்தான் தின்னுதுங்க," என்று மரம் வெடுக்கென்று சொன்னது. "பழத்தக் குரங்கு தின்னுது. கொட்டைய அணிலு உடைக்கிது. தப்பித் தவறி ஒண்ணு முளைச்சா ஆடு மேஞ்சிருது. எத்தன வருசமாக் காய்க்கிறேன்! எங்காலடியில எம்புள்ளை ஒண்ணாவது நிக்கிதா பாரு."

செம்பாயி பார்த்தாள். வெறுந்தரைதான் கிடந்தது. அவளுக்குத் தன் வீடு ஞாபகம் வந்தது.

"தலையில என்ன சுமக்கிற?" என்று மரம் கேட்டது.

"காரத் தண்ணி. இதத் தொட்டவன் கைய உதறிட்டு ஓடுவான்."

"அப்ப அதுதான் எனக்கு வேணும். என் வேர்ல ஊத்து."

"பைத்தியமா உனக்கு? செத்துருவ."

"செத்தாச் சாகுறேன். இப்ப மட்டும் என்ன, எனக்குப் பின்னால யாரு இருக்கா?"

செம்பாயி தலையிலிருந்த சாலை இறக்கி வைத்தாள். கட்டுப்பாட்டை மீறினால் ஊர் விடாது என்று அவளுக்குத் தெரியும். மரம் பட்டுப்போனால் மிருகங்களும் விடா. ஆனால் ஒரு தாய் கேட்கும்போது இல்லையென்று சொல்ல அவளால் முடியவில்லை.

"ஊத்துறேன். ஆனா நீ பொழைச்சா, எங்கையச் சுடாம அழுக்கெடுக்க ஒரு வழி சொல்லணும்."

"நான் மரம். துணி துவைக்க எனக்கென்ன தெரியும்?"

"யோசிச்சு வையி," என்று சொல்லிவிட்டு, சால் நிறைய இருந்த காரத்தை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வேரில் கவிழ்த்தாள்.

மறுநாளே இலைகள் பழுத்தன. பிறகு கொட்டின. ஊரார் அவளைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டார்கள். ஆடு முறைத்தது. அணில் அழுதது. குரங்கோ கூரைமேல் ஏறி நின்று அவள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியது.

"மரம் கேட்டுச்சு, ஊத்தினேன். அது பொழைக்கும்," என்று மட்டும் செம்பாயி சொன்னாள். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தினமும் ஆற்றுத் தண்ணீரை மொண்டுவந்து மரத்துக்கு ஊற்றினாள்.

மரம் பிழைத்தது. புது இலை விட்டது. பூத்தது. மாசியில் கிளை கொள்ளாமல் பழுத்தது. முதல் ஆளாகக் குரங்கு பாய்ந்து வாய் நிறையப் பழங்களை அடக்கிக்கொண்டு கடித்தது.

அடுத்த கணம் அதன் கண்கள் பிதுங்கின. தொண்டைவரை கசப்பு. துப்பியது, மீண்டும் துப்பியது. ஆற்றுக்கு ஓடி வாய் கொப்பளித்தது. கொப்பளிக்கக் கொப்பளிக்க வாயிலிருந்து நுரை பொங்கி வழிந்ததே தவிர அடங்கவில்லை. கரையில் இருந்த கொக்குகூட ஒற்றைக்கால் தவத்தை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது.

"அடிப் பாவி, எம்பழத்தக் கெடுத்துட்டியே!" என்று குரங்கு செம்பாயியிடம் கையை ஆட்டி ஆட்டிக் கத்தியது.

செம்பாயி திட்டைக் காதில் வாங்கவில்லை. அவள் கண் குரங்கின் கையிலேயே இருந்தது. பிறந்த நாள்முதல் அழுக்கேறிக் கிடந்த கை, நுரை பட்ட இடத்தில் மட்டும் சுத்தமாகத் தெரிந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் குரங்கைத்தான் பார்த்திருப்பார்கள். வெளுப்பவள் கண்ணுக்கு அழுக்குப் போன இடம்தான் தெரியும்.

உதிர்ந்த பழங்களை மடியில் பொறுக்கினாள். கொட்டைகளை எடுத்து மரத்தடியிலேயே போட்டுவிட்டு, தோலையும் சதையையும் மட்டும் வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்தாள். நுரை பொங்கியது. செக்கு ஆட்டுபவரின் துண்டை அதில் போட்டுக் கசக்கினாள். எண்ணெய்ப் பிசுக்கு கழன்று வந்தது. கை எரியவில்லை. அன்றோடு காரச் சாலைக் கவிழ்த்து வைத்தாள்.

பங்குனியில் வெள்ளைத்தாய் தூளிச்சேலையும் கையுமாக வந்து இறங்கினாள்.

"புள்ளை எங்க?"

செம்பாயி ராக்குவின் துணியை அவிழ்த்து, அவளைத் தூக்கி, துணி ஊறி ஆறிக் கிடந்த நுரைத் தொட்டிக்குள்ளேயே உட்காரவைத்தாள்.

"அய்யோ, புள்ளைய வேகவைக்கிறாளே!" என்று வெள்ளைத்தாய் அலறிக்கொண்டு ஓடினாள். குழந்தையின் உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு சிவப்புகூட இல்லை. ராக்கு இரண்டு கைகளாலும் நுரையை அடித்துக் கொக்கரித்தாள்.

செம்பாயி குனிந்து, புண் ஆறிய கையால் மகளின் தலையை முதன்முதலாகத் தடவினாள். குழந்தை அழவில்லை. அழுதது செம்பாயிதான். வெள்ளைத்தாய் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, கொண்டுவந்த தூளிச்சேலையைத் தொட்டியில் போட்டு, "இதையும் அலசு. உன் வீட்டு விட்டத்துலயே கட்டிருவோம்," என்றாள்.

மழை விழுந்ததும் பூவந்தியின் காலடியில் கன்றுகள் முளைத்தன. ஆடு வந்து மோந்துபார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டு போய்விட்டது.

அன்று முதல்தான் பூவந்திப் பழத்தை எந்தப் பிராணியும் தின்பதில்லை, தண்ணீரில் போட்டுப் பிசைந்தால் அது நுரைக்கிறது, பச்சைப்பிள்ளையின் துணியையும் பட்டுச்சேலையையும் அதில் நம்பி அலசுகிறோம். கண்ணில் பட்டால் மட்டும் சுள்ளென்று எரியும். பிள்ளைக்காக ஒரு தாய் குடித்த காரம், கொஞ்சமாவது மிச்சமிருக்காதா?