ஆட்காட்டிக் குருவி தரையிறங்கிய கதை

அந்தக் காலத்தில் ஒரு பறவை கூப்பிட்டால், வழியில் போகிற மனிதன் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவான். அப்போது வேங்கைமலை அடிவாரத்தில் ஒரு பட்டணம் இருந்தது. அதைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் போர் நடந்த இடம்தான். வடக்கே ஏரிக்கரையில் யானை சாய்ந்த மேடு. மேற்கே இடிந்து கிடந்த கோட்டை வாசல். தெற்கே வாள் கழுவிய சுனை. கிழக்கே பரந்து கிடந்தது ஒரு வெட்டவெளி. கடைசிச் சண்டை அங்கேதான் நடந்தது. ஆற்றுக்கு இந்தக் கரை ராஜாவும் அந்தக் கரை ராஜாவும் எதற்காக மோதிக்கொண்டார்கள் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. ஒரு மாட்டுக்காக என்பார்கள், ஒரு மாலைக்காக என்பார்கள்.

சண்டை ஓய்ந்து புல் முளைத்ததுமே வேடிக்கை பார்க்க ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள். அறுப்பு முடிந்து கை ஓய்ந்தால் போதும், புளிச்சோற்றை மூட்டை கட்டிக்கொண்டு வண்டி வண்டியாக வருவார்கள். அவர்களுக்கு இடம் காட்டியது ஆட்காட்டிக் குருவி.

அந்நாளில் அதற்குக் கால் வெளுப்பு. கண்ணோரத்தில் சிவப்பு கிடையாது. வெட்டவெளியின் விளிம்பில் நின்ற பெரிய ஆலமரத்தின் உச்சியில் கூடு. உச்சியில் இருந்தால் எல்லாம் தெரியும் என்று ஜனங்கள் நினைத்தார்கள். குருவியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டது. "இதோ, இங்கதான் யானை மண்டி போட்டுச்சு. இதோ, இந்தக் கல்லுலதான் சேனாதிபதி கடைசியாத் தண்ணி குடிச்சார்" என்று அது பறந்து பறந்து காட்டும். கண்டது பாதி, கட்டியது பாதி. கட்டிச் சொன்ன பாதிக்குத்தான் ஜனங்கள் அதிகமாகக் கண் கலங்கினார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். அந்தக் குருவியின் வாய் அதற்கு அப்பாலும் போய் வந்தது.

அதே மரத்தில் குடியிருந்த காகம் ஒருநாள் சொன்னது: "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லேன். அலகா உதிர்ந்துடும்?"

"அவ்வளவு தூரம் நடந்து வர்றவங்களை வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?" என்றது குருவி. அதன் மனசில் கெடுதல் இல்லை. ஆனால் தெரியாது என்ற ஒரு சொல்லை மட்டும் அதனால் சொல்லவே முடியவில்லை.

ஒரு தை மாதத்தில் அந்தக் கரையிலிருந்து உலகி என்ற பெண் வந்தாள். வேடிக்கை பார்க்க வரவில்லை. அவளுடைய ஒரே மகன் அந்தச் சண்டைக்குப் போய்த் திரும்பாதவன். விழுந்தவன் விழுந்த இடத்தில் கல் நட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றினால்தான் அவன் தாகம் அடங்கும் என்பது இரண்டு கரைக்கும் பொதுவான வழக்கம். இடம் தவறினால் அவன் கல்லுக்கு வரமாட்டான். தாகத்தோடு அலைவான்.

"சாமி, என் பிள்ளை எங்க விழுந்தான்? கழுத்துல பவழம் கட்டியிருப்பான்" என்று மரத்தைப் பார்த்துக் கேட்டாள்.

குருவிக்குத் தெரியாது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்ததும் இறங்கிப் பறந்து, தும்பைச் செடிகள் பூத்துக் கிடந்த ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனது. "இங்கதான் தாயி. நெஞ்சுல வேல் வாங்கினான். 'அம்மா'ன்னு ஒரு தடவை கூப்பிட்டான்."

உலகி அந்த மண்ணை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அடுத்த தைக்குக் கல்லோடு வருகிறேன் என்று சொல்லிப் போனாள்.

சில நாள் கழித்துப் பட்டணத்திலிருந்து கொற்றி வந்தாள். அவளுக்கும் ஒரு மகன், அவளுக்கும் அதே கேள்வி. குருவியின் சிறகு பழகிய வழியிலேயே போனது. அதே தும்பைச் செடி. அதே வேல். அதே 'அம்மா'. அவளும் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, அடுத்த தைக்கு வருவதாகச் சொன்னாள்.

அடுத்த தை வந்தது. அன்று விடிந்தும் விடியாத மாதிரி ஒரு பனி. வெட்டவெளி முழுவதும் பால் கொட்டியது போல வெளுத்துக் கிடந்தது. நீட்டிய கை நீட்டியவருக்கே தெரியவில்லை. சத்தங்கள்கூட நனைந்து மெதுவாக வந்தன. அந்தப் பனிக்குள் உலகி கடப்பாரையால் குழி தோண்டினாள். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலும் ஒரு கடப்பாரைச் சத்தம் கேட்டது.

"யாரு அங்க?"

"நானும் கல்லு நடத்தான் வந்தேன்க்கா" என்றாள் கொற்றி.

"புருஷனா?"

"பிள்ளை."

"எனக்கும் பிள்ளைதான்" என்றாள் உலகி. "உன் பிள்ளைக்கு என்னா பிடிக்கும்?"

"கம்மங்கூழும் மோரும். மோர் இல்லைன்னா சட்டியைத் தள்ளிடுவான். உன் பிள்ளை?"

"சுட்ட கிழங்கு. ஆறவே விடமாட்டான், வாயைச் சுட்டுக்குவான்."

இரண்டு பேரும் பனிக்குள் சிரித்தார்கள். முகம் தெரியாத சிரிப்பு. தோண்டத் தோண்ட மண் சரிந்தது, இரண்டு கடப்பாரையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பனி மெல்ல விலகியது. பார்த்தால், நடுவில் ஒரே குழி. இந்தப் பக்கம் ஒரு கல், அந்தப் பக்கம் ஒரு கல். ஒரு கல்லில் அந்தக் கரைக்கு அடையாளமான வில் செதுக்கியிருந்தது. மற்றதில் இந்தக் கரை வேல்.

"என் பிள்ளை விழுந்த இடம் இது" என்றாள் உலகி.

"என் பிள்ளையும் இங்கதான் விழுந்தான்."

கொற்றியின் கல்லில் செதுக்கியிருந்த வேல் உருவத்தை உலகி உற்றுப் பார்த்தாள். "நெஞ்சுல வேல் வாங்கினான்னு குருவி சொல்லுச்சே. அப்போ என் பிள்ளையைக் குத்தினது உன் பிள்ளையா?"

"என் பிள்ளையைக் கொன்னது யாரு, சொல்லு!" என்று கொற்றி கத்தினாள்.

கல் சுமந்து வந்து ஒதுங்கி நின்ற உறவுக்காரர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஓடி வந்தார்கள். சற்றுமுன் மண் தோண்டிய கடப்பாரைகள் தோளுக்கு ஏறின. இன்னொரு சொல் விழுந்தால் பழைய போர் புதிதாகப் பிறந்துவிடும். ஆலமரத்து உச்சியில் குருவிக்கு உயிரே இல்லை. சொன்னால் இரண்டு தாய்க்கும் இடம் போய்விடும். சொல்லாவிட்டால் இன்னும் எத்தனை தாய்மார்கள் இதே மரத்தடிக்கு வருவார்களோ!

அது கிளையை விட்டு நேரே குழிக்குள் வந்து விழுந்தது.

"அடிச்சுக்காதீங்க! நான் பார்க்கலை. அன்னைக்கு ஒரே புழுதி. யானை பிளிறினதும் பயந்துபோய்த் தலையைச் சிறகுக்குள்ள வச்சுக்கிட்டேன். யார் யாரைக் கொன்னாங்க, எங்க விழுந்தாங்க, எனக்கு ஒண்ணுமே தெரியாது."

கடப்பாரைகள் தாழ்ந்தன. உலகி குழிக்கு அருகில் குந்தினாள்.

"அம்மான்னு கூப்பிட்டானே. அது?"

"அதுவும் நான் சொன்னதுதான் தாயி."

உலகி அழவில்லை. ஒரு வருஷமாக அந்த ஒரு குரலைக் கேட்டுக்கொண்டேதான் அவள் தூங்கியிருந்தாள். இனி அதுவும் இல்லை. அவள் முகத்தைப் பார்க்கக் குருவியால் முடியவில்லை. அழுது அழுது அதன் கண்ணோரம் தடித்துச் சிவந்துபோயிற்று.

கடைசியில் கொற்றிதான் எழுந்தாள். "இங்க இல்லைன்னா இந்த வெளியில எங்கயோ இருக்காங்க. வாக்கா, எல்லா இடத்துலயும் ஊத்திடுவோம்."

இரண்டு கல்லையும் ஆலமரத்தடியில், வெளியைப் பார்த்தபடி, பக்கத்தில் பக்கத்தில் நட்டார்கள். பிறகு மஞ்சள் தண்ணீர்க் குடங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். எந்த அடி எந்தப் பிள்ளையின் மார்பில் விழுமோ என்று தெரியாததால், தூங்குகிற குழந்தையைத் தாண்டுவது போலக் காலை மெல்ல எடுத்து மெல்ல வைத்தார்கள். ஊற்றியது தன் பிள்ளைக்கா மற்றவள் பிள்ளைக்கா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

குருவி ஈர மண்ணில் அவர்கள் பின்னாலேயே வந்தது. "நான் என்னா செய்யட்டும் தாயி?" என்று கேட்டது.

உலகி திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "தேடு."

அது மறுபடி மரம் ஏறவில்லை. கூட்டையும் விட்டுவிட்டது. தன் முட்டைகளையும் அந்த வெறுந்தரையில், கல்லோடு கல்லாக, அடையாளம் வைக்காமல் இட்டது.

மஞ்சள் தண்ணீரில் நடந்த கால் இன்றைக்கும் மஞ்சளாகவே இருக்கிறது, கண்ணோரச் சிவப்பும் ஆறவில்லை. நாலடி ஓடும், நிற்கும், குனிந்து மண்ணைப் பார்க்கும், மறுபடி ஓடும். வெட்டவெளியில் நாம் காலை வைத்தால், எந்த வேளையானாலும், தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பதறுகிறதே, அதுவும் அன்று தொடங்கியதுதான். இன்னும் அது யாரையும் கண்டுபிடிக்கவில்லை. அதனால்தான், பார்த்து நட, பார்த்து நட என்று கத்துகிறது.