புதுப்பானையில் முளைத்த வெண்புள்ளி

காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். முடிவில் ஒரு கேள்வி கேட்பேன். விடை கதைக்குள்ளேயே சிந்திக் கிடக்கும். தூங்கி வழிந்துவிட்டுப் பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

நித்திலப்பட்டினம் என்றொரு முத்துத்துறை. ஆண்டுக்கொரு முறை கொடியேற்றிய பிறகுதான் அங்கே முத்துக்குளிப்பார்கள். அதற்கு முன் யாரும் கடலில் கைவரிசை காட்டாதிருக்க மன்னன் ஒரு சட்டம் போட்டிருந்தான்: "சிப்பியாய்ப் பிறந்த எதையும் கொடி ஏறுமுன் எடுத்தவன், எடுத்த கையை இழப்பான்." பறையறைந்த சொல் வெறும் சொல்லாகப் போகவில்லை. முந்தின ஆண்டு இரண்டே இரண்டு சிப்பி எடுத்த பெருந்தேவன் இன்று இடக்கையால் சோறு உண்கிறான். அவனைத் தெருவில் கண்டாலே பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களின் கைகளைப் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த ஊரில் சேந்தன் என்பவன் படகு செப்பனிட்டுப் பிழைத்து வந்தான். படகின் அடியில் கொட்டலசு அப்பிக்கொள்ளும். வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கூடு மாதிரி இருக்கும், தொட்டால் கையைக் கீறும். சுரண்டாவிட்டால் படகு ஓடாது. சேந்தன் வழக்கம்போலச் சுரண்டிக் கரையில் குவித்திருந்தான். போதாத காலம், புதிதாக வந்த துறை அதிகாரி நெற்குன்றன் அந்தப் பக்கம் வந்தார். வயல்நாட்டுக்காரர், அந்த மாதம்தான் கடலையே கண்டவர். குவியலைப் பார்த்ததும், "அடப்பாவி, இத்தனை சிப்பியா!" என்று அலறி அவனைக் கட்டச் சொல்லிவிட்டார்.

ஊராரைக் கேட்டார்கள். "அது கொட்டலசு சாமி. மிதிச்சா குத்தும். அது என்ன இனமுன்னு யாரு கண்டா?" என்றார்கள். உண்மையைச் சொல்லியே காரியத்தைக் கெடுத்தார்கள். ஒரு திங்கள் கழித்துக் கொடியேற்ற நாளில் மன்னன் வந்து தீர்ப்புச் சொல்வான் என்றாயிற்று.

சேந்தனின் மனைவி வெண்ணி சும்மா இருக்கவில்லை. கொட்டலசு சிப்பி இல்லை என்று அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சூளையிலிருந்து அன்றே இறக்கிய புதுப்பானை ஒன்றை வாங்கி, கொட்டலசு ஒட்டிய பலகைத் துண்டை அதில் போட்டாள். தூசி தும்பு சேரக் கூடாதென்று கடல்நீரை நாலாய் மடித்த துணியில் வடிகட்டி, வற்ற வற்ற ஊற்றி வந்தாள். மூன்றாம் நாள் தூள் தூளாய்க் குஞ்சுகள் பிறந்து, இறால் குஞ்சுகளைப் போலத் துள்ளித் துள்ளி வெளிச்சம் விழும் பக்கமாக நீந்தின. இதை மன்னனிடம் காட்டலாம் என்று அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் நாளாக ஆகப் பழைய குஞ்சுகள் பல காணாமல் போயின; செத்திருக்கும் என்று நினைத்தாள். அவ்வப்போது புதியவை பிறந்தன.

தீர்ப்பு நாள் காலையில் பானையைத் தூக்கியபோதுதான் உள்சுவரைப் பார்த்தாள். கடுகளவு வெண்புள்ளிகள். நகத்தால் சுரண்டினாள், போகவில்லை, கீறியது. ஓடு! சிப்பியே முளைத்துவிட்டது, என் கையாலேயே அவர் கையை வெட்டக் கொடுத்தேன் என்று நினைத்தாள். வேறு வழியில்லை. புள்ளிகளை உள்ளங்கையால் மறைத்துப் பானையை இடுக்கிக்கொண்டு போனாள்.

கொடிமரத்தடியில் மரக்கட்டை கிடந்தது. அதன்மேல் சேந்தனின் வலக்கையைக் கட்டியிருந்தார்கள். வெட்டிய இடத்தைச் சுட்டுக் குருதியை நிறுத்தப் பக்கத்தில் எண்ணெய் கொதித்தது. அவன் வெண்ணியைப் பார்க்கவில்லை, எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நெற்குன்றன் தொடங்கினார். "வெளியே ஓடு. ஒட்டிய இடத்தை விட்டு நகராது. தொட்டால் மூடிக்கொள்ளும். சிப்பிக்கு வேறென்ன இலக்கணம்?"

மருத்துவர் ஆதன் ஒரு கொட்டலசை ஊசியால் திறந்து பார்த்தார். "உள்ளே இருப்பது சிப்பிச் சதை அல்ல. கணுக்கணுவாய் ஆறு ஜோடிக் கால்கள். ஆனால், செத்த சங்கில் நண்டு குடிபுகுவதில்லையா? அப்படிச் சிப்பி ஓட்டில் குடிவந்த ஏதோ ஒன்று இது."

"குடியிருப்பது யாராக இருந்தால் என்ன? வீடு சிப்பியுடையதுதானே?" என்றார் நெற்குன்றன். மன்னன் தலையசைத்தான். தண்டனை நிறைவேற்றும் சேவகன் அரிவாளை எடுத்தான்.

"சாமி, பொறுங்க!" வெண்ணி பானையோடு முன்னே வந்தாள். "அது சிப்பி இல்லீங்க, இறாலுக்கு உறவு. குஞ்சைப் பாருங்க."

மருத்துவர் மேல்நீரில் சிறிது எடுத்துப் பளிங்கு வில்லையால் பார்த்தார். "ஒற்றைக் கண், மூன்று ஜோடிக் கால். இறால் குஞ்சும் பிறக்கும்போது இப்படித்தான் இருக்கும். ஆனால் அம்மா, இது குடிவந்தவன் பிள்ளை. ஓடு யாருடையது?"

"பானையின் உட்புறத்தைக் காட்டு" என்றார் நெற்குன்றன்.

பானை போனால் வேறு பானை வாங்கலாம், கை போனால் எங்கே வாங்குவேன் என்று நினைத்தாள் வெண்ணி. பானையை நழுவ விட்டுவிடத் துணிந்தாள்.

இப்போது சொல்லுங்கள். அதிகாரி, மருத்துவர், வெண்ணி, இந்த மூவரில் யார் சொன்னது சரி? வெண்ணி பானையை உடைக்கலாமா, கூடாதா?

விடை: வெண்ணி சொன்னதே சரி, பானையை உடைக்கவே கூடாது. அவள் விடத்தான் நினைத்தாள், பயத்தில் இறுகிய விரல்கள் விரியவில்லை. எட்டிப் பார்த்த மருத்துவர், "பானை புதிதா? நீர் வடிகட்டியதா?" என்று இரண்டே கேள்வி கேட்டார். வெண்ணி இரண்டுக்கும் ஆமென்று தலையாட்டினாள். புதுப்பானைக்குள், துணியைத் தாண்டி, எந்தச் சிப்பி வந்திருக்கும்? காணாமல் போன குஞ்சுகள் சாகவில்லை. சுவரில் ஒட்டித் தமக்குத் தாமே வீடு கட்டிக்கொண்டன. ஓடும் அதனுடையது, காலும் அதனுடையது. சட்டமோ சிப்பியாய்ப் பிறந்ததைத்தான் சொல்கிறது. கொட்டலசு பிறந்தது இறாலின் உறவாக. மன்னன் சேந்தனின் கட்டுகளை அவிழ்க்கச் சொன்னான். அப்போதும் வெண்ணியின் விரல்கள் பானையை விடவில்லை. சேந்தன் அருகில் வந்து, வலக்கையால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான்.