அமைச்சர் அளந்த புகை

கரும்பொன் நாட்டில் செங்கோலும் இருந்தது, அனல் மின்நிலையமும் இருந்தது. அதெப்படி என்று கேட்டால் கதை நகராது, விட்டுவிடுங்கள்.

கடற்கரையில் அரண்மனை, அதை அடுத்து மின்நிலையம், அதற்கும் அப்பால் உப்புக்குப்பம். கடற்காற்று அரண்மனையைக் குளிர்வித்துவிட்டு, புகையை அள்ளிக்கொண்டு உப்புக்குப்பத்துக்குப் போய்விடும். நல்ல மரியாதை தெரிந்த காற்று!

ஒருநாள் செம்பாயி என்ற உப்பளக்காரி ஒரு கூடை உப்போடு சபைக்கு வந்தாள். உப்பு கறுத்துக் கிடந்தது.

"மகாராசா, பாத்தியில வெளையிறது உப்பு, நாங்க அள்ளுறது கரி. ஒரு வியாபாரியும் தொட மாட்டேங்கிறான். புள்ளைங்களுக்கு எதைப் பொங்கிப் போட?"

அமைச்சர் அதிவீரனார் கொதித்தார். "பொய்! அரண்மனை மொட்டைமாடியில் கருவி வைத்து நானே தினமும் அளக்கிறேன். புகை சுழியம். மின்சாரமோ அமோகம்! அரசுக்கு அவப்பெயர் உண்டாக்கும் இவளைச் சிறையில் தள்ளுங்கள், மன்னா!"

மன்னர் மாறவேலர் குழம்பிப்போய்த் தன் சபை விகடன் சாத்தப்பனைப் பார்த்தார்.

"கருவி பொய் சொல்லாது மன்னா," என்றான் சாத்தப்பன். "அமைச்சர் புகையை அளந்த முறையிலேயே நான் மின்சாரத்தையும் அளந்து வருகிறேன். அதுவரை சிறை வேண்டாம்."

அமைச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. மின்சாரம் அளக்கும் கருவியைத் தானே துடைத்துக் கொடுத்தார்.

மறுநாள் செம்பாயி உப்புக் கூடையோடு சபையில் காத்திருக்க, சாத்தப்பன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "மன்னா, நாம் மோசம் போனோம். மின்சாரமும் சுழியம்!"

சபையில் நூறு விளக்குகள் பளபளவென்று எரிந்துகொண்டிருந்தன.

"எங்கே போய் அளந்தாய்?" என்று அமைச்சர் சீறினார்.

"உப்புக்குப்பத்தில்."

"அட மடையா! அங்கே மின்கம்பியே கிடையாதே! மின்சாரம் போகாத இடத்தில் அளந்தால் எப்படித் தெரியும்?"

"புகை போகாத இடத்தில் அளந்தால் மட்டும் எப்படித் தெரியும், அமைச்சரே?"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கறுத்த உப்பைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"தாயே, நீ வீட்டுக்குப் போ. உன் உப்பு வெளுக்க வழி செய்கிறேன். சாத்தப்பா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"எனக்கு ஒன்றும் வேண்டாம் மன்னா. நாட்டுக்காக உழைக்கும் அமைச்சருக்கு உப்புக்குப்பத்தில் ஒரு மாளிகை கட்டிக் கொடுங்கள். குடும்பத்தோடு அங்கேயே இருக்கட்டும்."

மன்னர் அப்படியே ஆணையிட்டார். மாளிகைக்கு அஸ்திவாரம் தோண்டும் முன்பே, புகைபோக்கியில் சாம்பல் வடிகட்டி ஏறிவிட்டது.