இதயத்திலிருந்து எடுத்த ரத்தம்

தடய அறிவியல் ஆய்வகத்தின் நச்சுப் பிரிவுக்கு டாக்டர் ஞானசௌந்தரி தலைமை. வேறு பிரிவிலிருந்து மாற்றலாகி அவரிடம் தொழில் கற்க வந்தவர் இளம்பரிதி. வயதில் மேடத்துக்கும் மூத்தவர். அது அவரை உறுத்தவில்லை. உறுத்தியதெல்லாம் நஸ்ரின்தான்.

நேற்று வந்த பெண். சிக்கலான வழக்கென்றால் மேடம் அவளைத்தான் கூப்பிடுவார். பரிதிக்கு வயிறு எரியும், சோறு இறங்காது. வீட்டிலும் இதே புலம்பல். மனைவிக்குக் காது புளித்துப்போயிற்று.

இந்த முறையும் அப்படித்தான். ஒரு மாமியார் தூக்கத்திலேயே இறந்துபோனார். மன அழுத்தத்துக்கான மாத்திரையைத் தினமும் எடுத்துக் கொடுத்தவள் மருமகள் செண்பகம். அவளைக் கைது செய்தால்தான் உடலை வாங்குவோம் என்று மகள்கள் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் ஆய்வக அறிக்கைக்குக் காத்திருந்தது.

ஆய்வகத்துக்கு வந்தது, இறந்து ஒரு நாள் கழித்து இதயத்திலிருந்து எடுத்த ரத்தம். மருந்து இருக்கவேண்டியதைப்போல் நான்கு மடங்கு இருந்தது. நஸ்ரினோ, “இதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல இயலாது” என்று எழுதியிருந்தாள்.

பரிதிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மேடத்தின் அறைக்கு ஓடினார். மேடம் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

“நாலு மடங்கு மேடம்! கண்ணை மூடிக்கிட்டு எழுதலாம். இந்தப் பொண்ணு மழுப்பி வச்சிருக்கு.”

மேடம் டிபன் பாக்ஸை நகர்த்தினார். தயிர்சாதம், நடுவில் மாங்காய் ஊறுகாய்.

“எங்க வீட்டுக்காரர் காலையில கட்டினது. உப்பு பாருங்க சார்.”

பரிதி நடுவில் ஒரு ஸ்பூன் எடுத்தார். “கரிக்குது மேடம்.”

“மனுஷன் உப்பை அள்ளிக் கொட்டிட்டாரா?”

“ஆமா மேடம்.”

“ஓரத்துல எடுத்துப் பாருங்க.”

எடுத்தார். உப்பு அளவாகத்தான் இருந்தது.

“உயிர் போனப்புறமும் மருந்து நகரும் சார். ஈரல்லயும் நுரையீரல்லயும் தேங்கினது கசிஞ்சு இதயத்துக்கு வந்துடும். தொடை வரைக்கும் அது அவ்வளவா போகாது. அதான் நஸ்ரின் தொடையிலேர்ந்து ரத்தம் கேட்டிருக்கா. நீங்க சொல்றபடி அறிக்கை போயிருந்தா மருமகளைக் கைது பண்ணி, சாயங்காலமே உடம்பை எரிச்சிருப்பாங்க. அப்புறம் எங்க போய்க் கேக்கிறது?”

பரிதி ஸ்பூனைக் கீழே வைத்தார். “இதெல்லாம் எனக்கும் தெரியும் மேடம். படிச்சதுதான்.”

“தெரியும்னு எனக்கும் தெரியும்.”

பரிதி இத்தனை நாள் விழுங்கியதைக் கேட்டேவிட்டார்.

“அப்புறம் ஏன் மேடம் எல்லாத்தையும் அவகிட்டயே குடுக்கறீங்க?”

மேடம் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நாலு மடங்குன்னு பார்த்ததும் அவ பயந்துபோனா சார். நீங்க சந்தோஷப்பட்டீங்க.”