இசக்கித்தாய் மடை தாண்டின கதை

ஒரு ஊர்ல ஒரு உப்பளம். அங்க இசக்கித்தாய்னு ஒருத்தி வேலை பாத்தா. ம் கொட்டு தங்கம், கொட்டாட்டி பெரியம்மா கதைய நிறுத்திருவேன்.

"ம்."

ஒரு நாள் அவளுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோச்சு. ஒரு வருஷத்துக்குள்ள வந்தாதான் வரும், இனிமே வராதுன்னு ஊரே சொல்லிச்சு. ஊருக்கென்ன, வாய்தானே. இவ நாலு வருஷம் விடல. சுவத்தப் புடிச்சு எந்திரிப்பா, ஒத்தக் கால்ல நிப்பா, தொபுக்குன்னு உக்காருவா, மறுபடி எந்திரிப்பா. அப்புறம் உப்பளத்துல வேலை வாங்குற கங்காணிகிட்டப் போயி, என் வேலையக் குடுங்கன்னு கேட்டா. அவரு, அந்தக் கோடில இருந்து இந்தக் கோடிக்கு வரப்பு மேல விழாம நடந்து வா, மூணு தடவ பாப்பேன், இல்லாட்டி உன் உப்புப் பாத்தி வேற ஆளுக்குன்னுட்டாரு.

"ம்."

வரப்பு ஒரு சாண் அகலந்தான். நடுவுல தண்ணி பாயுற மடை, அத ஒரு எட்டு வச்சுத் தாண்டணும். மொத நாள் அவ புருஷன் வேலாண்டி கையப் புடிச்சுக்கிட்டான். ஒரு ஆளு நடக்குற வரப்புல ரெண்டு பேரு போனா என்னாகும்? சளக்! ரெண்டு பேரும் உப்புத்தண்ணில.

அப்புறம் ரெண்டாம் நாள் தனியாப் போனா. மடைகிட்ட வந்துட்டா. அப்போ அங்க நின்ன பொம்பளைக எல்லாரும், பாசத்துலதான், பாத்து, பாத்துன்னு கத்துனாங்க. இவ திரும்பிப் பாத்தா. சளக்! முழங்கால் சிராய்ச்சு, உப்பு பட்டுத் திகுதிகுன்னு எரிஞ்சுது. வீட்டுக்கு வந்து அழுதா. விழுறதுக்குப் பயமில்ல, இப்படியே உக்காந்து திங்கணுமோன்னுதான் பயமா இருக்குன்னு சொன்னா.

"ம்..."

மூணாம் நாள் எல்லாரையும் கூப்புட்டா. "நீங்க கத்துனா நான் திரும்புறேன், திரும்புனா விழுறேன். நான் போய்ச் சேருற வரைக்கும் யாரும் வாயத் தொறக்காதீங்க."

நீயும் இப்ப ம் கொட்டாத தங்கம். அவ வரப்பு மேல நிக்கா.

தப்... சர்ர்ர்... தப்... சர்ர்ர்... மடை வந்துச்சு. இழுக்குற காலத் தூக்கி மொதல்ல அந்தப் பக்கம் வச்சா. இனி நல்ல கால எடுக்கணும். எடுத்தா மொத்த உடம்பும் அந்த வராத கால் மேல நிக்கணும். சுவரில்லாம அத அவ ஒரு நாளும் நம்புனதில்ல. முழங்கால் வெடவெடன்னு ஆடுது. வேலாண்டி வாயப் பொத்திக்கிட்டான். நல்ல கால் எந்திரிச்சுது, அந்தரத்துல நிக்குது, இன்னும் நிக்குது...

தப்.

தாண்டிட்டா. மிச்ச வரப்பையும் நடந்து முடிச்சா. கங்காணி, நாளைக்கு வேலைக்கு வாம்மான்னாரு.

"நாளைக்கு எதுக்கு? இன்னிக்கே பொழுது கெடக்கே"ன்னு சொல்லிட்டு, யாரு கையும் புடிக்காம அவளே பாத்தில எறங்கிட்டா.

மூச்ச விடு தங்கம். அவ வேலையப் பாக்கப் போயிட்டா, நீ ஒறங்கப் போ.